ஏழு கத்திக்குத்து, எட்டுத் தவணை: ஓபுஸ் எதிர் துருக்கி

2001 அக்டோபர் 29. துருக்கியின் தென்கிழக்கில் உள்ள தியார்பக்கிர் நகரில் ஒருவன் தன் மனைவியை ஏழு முறை கத்தியால் குத்தினான். அதற்கு உள்ளூர் நீதிமன்றம் கொடுத்த தண்டனை அபராதம் மட்டுமே. ஏறத்தாழ 385 யூரோ மதிப்புள்ள அந்தத் தொகையை எட்டுத் தவணைகளில் கட்டலாம் என்றும் அனுமதித்தது.

385ஐ ஏழால் வகுத்தால் 55. ஒரு குத்துக்கு 55 யூரோ. இந்த வழக்கைப் பற்றி எப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கணக்குதான். குத்துப்பட்ட பெண்ணின் பெயர் நஹிதே ஓபுஸ். 2009 ஜூன் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் தொடுத்த வழக்கில் துருக்கி அரசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் பெண்மீது நடக்கும் வன்முறையைத் தடுக்கத் தவறுவது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று அந்த நீதிமன்றம் சொன்னது அதுவே முதல் முறை.

தீர்ப்பின் பெருமையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் பேச விரும்புவது அந்தக் கோப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லைப் பற்றி: வாபஸ்.

குடும்பம்

நஹிதே 1972இல் பிறந்தவர். அவருடைய தாய் மதச் சடங்கின்படி மறுமணம் செய்துகொண்டவரின் மகன்தான் பின்னாளில் நஹிதேயின் கணவன். 1990இல் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். 1993, 1994, 1996 ஆண்டுகளில் மூன்று குழந்தைகள் பிறந்தன. சட்டப்படியான திருமணப் பதிவு 1995 நவம்பரில் நடந்தது. அதாவது, கணவன்மீதும் அவன் தந்தைமீதும் நஹிதேயும் தாயும் முதல் புகார் கொடுத்து ஏழு மாதங்கள் கழித்து.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது புதிராகத் தெரியும். அடித்தவனையே ஏன் மணந்தார் என்ற கேள்வி உடனே எழும். இரண்டு சிறு குழந்தைகளுடன் ஒரு பெண், அதே ஊரில், அதே குடும்பத்தின் பிடிக்குள் இருக்கும்போது அவருக்கு இருந்த வேறு வழி என்ன என்ற கேள்வி அவ்வளவு எளிதில் எழுவதில்லை. தாயும் மகளும் ஒரே வீட்டின் தந்தைக்கும் மகனுக்கும் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த வழக்கைப் படிக்க முடியாது. ஓடிப்போய் ஒளிவதற்குத் தாய்வீடு என்று தனியாக ஒன்று இல்லை.

புகார்கள்

1995 ஏப்ரல் 10 அன்று இருவரும் கொடுத்த முதல் புகாரில் இருந்தவை: பணம் கேட்டு அடிக்கிறார்கள், கொன்றுவிடுவதாக மிரட்டுகிறார்கள். மருத்துவர் காயங்களைப் பார்த்து, ஐந்து நாள் வேலை செய்ய இயலாது என்று சான்று கொடுத்தார். புகார் வாபஸ் ஆனது. வழக்கு முடிந்தது.

1996 ஏப்ரலில் நஹிதே மிக மோசமாக அடிபட்டார். கண்ணிலும் காதிலும் இரத்தக் கசிவு. உயிருக்கு ஆபத்தான காயம் என்று மருத்துவ அறிக்கை சொன்னது. கணவன் காவலில் வைக்கப்பட்டான். அவர் உடல் தேறிவிட்டார் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி நீதிபதி அவனை விடுவித்தார். அதன் பிறகு நடந்த விசாரணையில் நஹிதே, சமாதானம் ஆகிவிட்டோம் என்று சொல்லிப் புகாரைத் திரும்பப் பெற்றார். வழக்கு முடிந்தது.

1998 பிப்ரவரியில் கத்தி. பலருக்குக் காயம். போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி அரசு வழக்கறிஞர் வழக்கே தொடரவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1998 மார்ச் 4 அன்று அவன் காரை ஓட்டி வந்து தாய்மீதும் மகள்மீதும் மோதினான். தாய் உயிருக்குப் போராடினார். காவல் நிலையத்தில் அவன் கொடுத்த விளக்கம்: வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள், பிறகு அவர்களாகவே வந்து காரின் முன் விழுந்தார்கள். இம்முறை வழக்கு தண்டனை வரை சென்றது. மூன்று மாதச் சிறை. பிறகு அதுவும் அபராதமாக மாற்றப்பட்டது.

கார் மோதிய அதே மாதம் நஹிதே விவாகரத்துக்கு மனு போட்டார். மிரட்டலுக்குப் பயந்து அதையும் கைவிட்டதாகப் பின்னர் சொன்னார். ஏப்ரலில் தாயும் மகளும் பாதுகாப்புக் கேட்டு மீண்டும் அரசு வழக்கறிஞரிடம் சென்றார்கள். காவல்துறை விசாரித்து, இரு தரப்புக்கும் இடையே நெடுநாள் பகை இருக்கிறது என்று எழுதி அனுப்பியது.

பகை என்ற சொல்லை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். பகை என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றுகள் எல்லாம் ஒரே பக்கத்துப் பெண்களின் உடலைப் பற்றியவை. அடிப்பவனையும் அடிபடுபவரையும் ‘இரு தரப்பு’ என்று எழுதிவிட்டால், காவல்துறைக்கு அங்கே செய்ய எதுவும் இல்லாமல் போய்விடுகிறது.

பத்து நாள் என்னும் கோடு

ஒவ்வொரு முறையும் வழக்கு ஏன் இவ்வளவு எளிதாகச் செத்தது? அதிகாரிகளின் அலட்சியம் ஒரு பகுதிதான். சட்டமே அப்படி எழுதப்பட்டிருந்தது. அன்றைய துருக்கித் தண்டனைச் சட்டத்தின்படி, ஒருவருக்கு ஏற்பட்ட காயத்தால் பத்து நாளுக்கு மேல் வேலை செய்ய இயலாமல் போனால்தான் அரசு தானாக வழக்கைத் தொடர வேண்டும். அதற்குக் குறைவான காயம் என்றால் பாதிக்கப்பட்டவரின் புகார் வேண்டும். அந்தப் புகார் வாபஸ் ஆனால் வழக்கும் போய்விடும்.

இப்போது அந்தச் சான்றுகளைத் திரும்பப் பாருங்கள். 1995இல் ஐந்து நாள். கார் மோதியதில் நஹிதேக்கு ஐந்து நாள், தாய்க்கு 25 நாள். அந்த ஒரு வழக்கு மட்டும் தண்டனை வரை சென்றதற்குக் காரணம் இதில் இருக்கிறது. மகள் தொடர்பான பகுதி அவர் புகாரைத் திரும்பப் பெற்றதால் கைவிடப்பட்டது. தாயின் காயம் கோட்டைத் தாண்டியிருந்தது, அதனால் நின்றது.

ஒரு தனிச் சண்டையை அளப்பதற்கு இந்த அளவுகோல் போதுமானதாக இருக்கலாம். முன்பின் தெரியாத இருவர் தெருவில் அடித்துக்கொண்டார்கள், ஒருவருக்கு மூக்கில் காயம், அடுத்த நாள் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்றால் அரசு ஒதுங்கிக்கொள்வதில் பெரிய கேடு இல்லை. வீட்டுக்குள் நடப்பது அந்த வகையைச் சேர்ந்தது அன்று. ஐந்து நாள் காயம் பத்து முறை நேர்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஐந்து நாள் காயமாகவே இருந்தது. அவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் அந்த அமைப்பில் இல்லை. ஒவ்வொரு புகாரும் புதுக் கோப்பு. ஒவ்வொரு அதிகாரிக்கும் அது முதல் சம்பவம். அடிபட்ட பெண்ணுக்கு மட்டும்தான் முழுக் கதையும் தெரியும். அவரிடம்தான் கையெழுத்து வாங்கி வழக்கை முடித்தார்கள்.

சட்டத்தில் கருவியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 4320 எண் குடும்பப் பாதுகாப்புச் சட்டம், அடிப்பவனை வீட்டை விட்டு வெளியேற்றவும் நெருங்கவிடாமல் தடுக்கவும் ஆயுதத்தை ஒப்படைக்கச் செய்யவும் நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. பாதிக்கப்பட்டவர் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, அரசு வழக்கறிஞர் தெரிவித்தாலே போதும். கார் மோதியது அந்தச் சட்டம் வந்து இரண்டு மாதங்களுக்குள். சட்டப் புத்தகம் மேசைமேல் இருந்தது. எடுத்துப் பிரிக்க யாரும் முன்வரவில்லை.

பன்னிரண்டு நாள்

2001 கத்திக்குத்துக்குப் பிறகு நஹிதேயின் வழக்கறிஞர், இதுவரையிலான புகார்கள் அடிக்கும் கொலை மிரட்டலுக்கும் பயந்தே கைவிடப்பட்டன என்று எழுதி, கணவனைக் காவலில் வைக்கும்படி கேட்டார். அவன் வெளியில்தான் இருந்தான்.

2002 பிப்ரவரி 27 அன்று தாய் மீண்டும் அரசு வழக்கறிஞருக்கு மனு கொடுத்தார். மிரட்டல்கள் கடுமையாகிவிட்டன, என் உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது, என் தொலைபேசியைக் கண்காணியுங்கள், அவன்மீது நடவடிக்கை எடுங்கள் என்பதே மனுவின் சாரம். இந்த முறை வாபஸ் என்ற பேச்சே இல்லை. அவர் கேட்டது தெளிவாக இருந்தது, யாரிடமிருந்து ஆபத்து என்பது தெளிவாக இருந்தது, ஏழு ஆண்டுக் கோப்புகள் அதே அலுவலகத்தில் இருந்தன.

அந்தத் தொலைபேசிக்கு எந்த எண்களில் இருந்து அழைப்பு வந்தது என்ற பட்டியலைத் தரும்படி தொலைபேசித் துறைக்குக் கடிதம் போனது. வேறு எதுவும் நடக்கவில்லை.

அந்தத் தாய் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு நாட்டின் மறுகோடியில் உள்ள இஸ்மிருக்குக் குடிபெயர்வது. மார்ச் 11 அன்று வீட்டுச் சாமான்களை ஏற்றிய வண்டியில் அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். மருமகன் வழியில் வண்டியை மறித்து நிறுத்தினான். அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து சுட்டான். அங்கேயே உயிர் பிரிந்தது.

‘ஏன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை’ என்று கேட்பவர்கள் இந்த வண்டியைக் கொஞ்ச நேரம் மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பாத்திரமும் படுக்கையும் கட்டி ஏற்றியாகிவிட்டது. கிளம்பியும் ஆகிவிட்டது. வன்முறையில் இருந்து பிரியும் நேரமே ஒரு பெண்ணுக்கு மிக ஆபத்தான நேரம் என்பது இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் அறிந்தது. பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் கை துப்பாக்கிக்குப் போகிறது.

கொலை வழக்கில் அவன் மானத்தைக் காரணம் காட்டினான். மாமியார் தன் மனைவியைத் தவறான வழிக்கு இழுத்தார், குழந்தைகளைத் தன்னிடமிருந்து பிரித்தார் என்றான். 2008 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம், கொல்லப்பட்டவர் ஆத்திரமூட்டினார் என்பதையும் விசாரணையின்போது அவனது நன்னடத்தையையும் கணக்கில் கொண்டு அதை 15 ஆண்டு 10 மாதமாகக் குறைத்தது. ஏற்கெனவே சிறையில் கழித்த காலத்தைக் கருதி, மேல்முறையீடு முடியும்வரை அவனை வெளியே விட்டது.

மகளைப் பாதுகாப்பான ஊருக்கு அழைத்துப் போக முயன்றதை ஆத்திரமூட்டல் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பாலின ஏற்றத்தாழ்வு என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கூலி வேறுபாடும் பதவி வேறுபாடும் நினைவுக்கு வரும். அவையும் உண்மையே. ஆனால் யாருடைய கோபத்துக்குச் சட்டம் தலையசைக்கிறது, யாருடைய அச்சத்தை அது காதில் போட்டுக்கொள்வதில்லை என்று பாருங்கள். ஏற்றத்தாழ்வின் வேர் அங்கே தெரியும்.

ஸ்ட்ராஸ்பர்க்கில்

நஹிதே 2002 ஜூலையிலேயே, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இயங்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு மனு அனுப்பியிருந்தார். துருக்கி அரசின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று, பெண்களே புகாரைத் திரும்பப் பெற்றார்கள், நாங்கள் என்ன செய்வது. இரண்டு, அதற்கு மேலும் தலையிட்டிருந்தால் அவர்களுடைய குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை மீறியதாக ஆகியிருக்கும்.

இரண்டாவது வாதம் கேட்க நயமாக இருக்கும். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று நம் மொழியில் ஒரு பழமொழி உண்டு. குடும்பத்துக்குள் நுழையாதே, அவர்களே சரியாகிவிடுவார்கள் என்பது அதன் உட்பொருள். அரசின் வாதமும் அதே எண்ணத்தைச் சட்ட மொழியில் சொன்னது. நீதிமன்றம் ஏற்கவில்லை. உயிரைக் காக்க வேண்டிய இடத்தில் குடும்ப வாழ்க்கைக்குள் அரசு தலையிடுவது சில நேரங்களில் கட்டாயம் என்றது.

முதல் வாதத்துக்குக் கொடுத்த பதில் இன்னும் முக்கியமானது. புகார்கள் திரும்பப் பெறப்பட்டது எப்போது என்று நீதிமன்றம் தேதிகளைப் பார்த்தது. கணவன் வெளியில் இருந்தபோது, அல்லது காவலில் இருந்து விடுவிக்கப்பட்ட பிறகு. இதற்குமேல் விளக்கம் தேவையா? கைதி வீட்டுக்கு வருகிறான், புகார் திரும்பப் பெறப்படுகிறது. அதிகாரிகள் இந்த வரிசையைப் பார்த்தாவது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

குற்றம் எவ்வளவு கடுமையானதோ, மீண்டும் நடக்கும் ஆபத்து எவ்வளவு கூடுதலோ, அந்த அளவுக்கு, புகார் திரும்பப் பெறப்பட்டாலும் பொதுநலன் கருதி வழக்கைத் தொடர வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. ஆயுதம் பயன்பட்டதா, தாக்குதலுக்குப் பிறகும் மிரட்டல் வந்ததா, திட்டமிட்டதா, வீட்டில் உள்ள குழந்தைகளின் நிலை என்ன, முன்பும் அடித்திருக்கிறானா, இவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். தாயின் சாவில் உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது. மகளின் விஷயத்தில் கொடுமைக்கு உள்ளாகாமல் இருக்கும் உரிமை மீறப்பட்டது. இரண்டும் பாகுபாடு இன்மைக்கான பிரிவோடு சேர்த்துப் பார்க்கும்போதும் மீறல்தான் என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 30,000 யூரோ. செலவுத் தொகை 6,500 யூரோ.

பாகுபாடு என்ற முடிவுக்கு அவர்கள் வந்த விதம் படிக்கத் தகுந்தது. துருக்கிச் சட்டம் ஆண் பெண் என்று பிரித்து எழுதப்படவில்லை. நீதிமன்றம் சட்டப் புத்தகத்தோடு நிற்காமல், தியார்பக்கிர் வழக்கறிஞர் சங்கமும் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனலும் திரட்டிய அறிக்கைகளைப் பார்த்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குர்து இனப் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லது குறைந்த படிப்புள்ளவர்கள், சொந்த வருமானம் இல்லாதவர்கள். காவல் நிலையத்துக்குப் போனால் அங்கிருப்பவர்கள் புகாரை விசாரிப்பதை விட்டுவிட்டுச் சமரசம் பேசி வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். நீதிமன்றங்கள் வழக்கம், மானம் என்று சொல்லித் தண்டனையைக் குறைக்கின்றன. வேண்டுமென்றே செய்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, இந்த மெத்தனத்தின் சுமை பெண்கள்மீதே விழுகிறது, ஆகவே இது பாகுபாடு. எழுத்தில் சமமாக இருக்கும் ஒரு சட்டம் நடைமுறையில் யார் முதுகில் இறங்குகிறது என்று பார்த்த தீர்ப்பு இது.

வாபஸ் மனுவை எப்படிப் படிப்பது

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் வழக்கை நடத்தினால், வீட்டில் கணவன் முடிவெடுத்தான், இப்போது அரசு முடிவெடுக்கிறது என்றாகிவிடாதா? சாட்சிக் கூண்டில் ஏறச் சொல்லி அவரை வற்புறுத்துவதும் ஒரு வன்முறை ஆகாதா? இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்காத எந்தப் பாதுகாப்பும் நெடுநாள் நிற்காது. நீதிமன்றமும் இதைத் தள்ளிவிடவில்லை. அவர் விருப்பத்துக்கு மாறாக வழக்கைத் தொடர்ந்தால் அந்த உறவில் என்ன விளையும் என்பதையும் எடைபோட வேண்டியவற்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

ஆனால் நஹிதேயின் கோப்பில் இருக்கும் வாபஸ் மனுக்களை அவருடைய விருப்பம் என்று படிக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்துவிட்ட கணவன், தங்க வேறு இடம் இல்லாத வீடு, மூன்று குழந்தைகள், கையில் பணம் இல்லை, காவல்துறை கைகட்டி நிற்கிறது. இந்த நிலையில் அவர் போட்ட கையெழுத்து, அன்றிரவு உயிரோடு இருப்பதற்கு அவரிடம் இருந்த ஒரே கருவி. அதிகாரிகள் அதைச் சமாதானத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அது ஆபத்து முற்றியிருக்கிறது என்பதற்கான சான்று.

ஒரு வாபஸ் மனு மேசைக்கு வந்ததும் அதிகாரி கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். இன்று இந்தப் பெண்ணை இங்கே அழைத்து வந்தது யார்? அவன் இப்போது எங்கே இருக்கிறான்? இன்றிரவு இவர் எங்கே தூங்கப் போகிறார்? இதற்கு முன் எத்தனை முறை இதே மேசைக்கு வந்திருக்கிறார்? தியார்பக்கிரில் 1996இல் ஒருவராவது இவற்றைக் கேட்டிருந்தால், அடுத்த ஆறு ஆண்டுகள் வேறு விதமாகப் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தீர்ப்புக்குப் பின்

2011 மே 11 அன்று பெண்கள்மீதான வன்முறையைத் தடுப்பதற்கான ஐரோப்பிய கவுன்சிலின் உடன்படிக்கை இஸ்தான்புல்லில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. வழக்கு முழுக்கப் புகாரைச் சார்ந்திருக்கக் கூடாது, புகார் திரும்பப் பெறப்பட்டாலும் தொடரலாம் என்று அதன் 55ஆம் பிரிவு சொல்கிறது. கட்டாயச் சமரசத்தை 48ஆம் பிரிவு தடை செய்கிறது. நஹிதேயின் கோப்பைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு பிரிவுகளும் எந்தக் காவல் நிலைய வாசலைப் பார்த்து எழுதப்பட்டவை என்று புரியும். அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு துருக்கி. 2012இல் பழைய 4320 சட்டத்தின் இடத்தில் 6284 எண் சட்டமும் வந்தது. 2021 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றின் மூலம் துருக்கி அந்த உடன்படிக்கையில் இருந்து விலகுவதாக அறிவித்தது. ஜூலை 1 முதல் விலகியது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

நஹிதேயின் கதையில் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2008இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அவர் வழக்கு விசாரணைக்கு வந்த அதே ஆண்டில் அந்தக் கணவனும் வெளியில் இருந்தான். மறுபடியும் மிரட்டல். ஏப்ரலில் நஹிதே பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்தார். மே மாதத்திலும் நவம்பரிலும், எதுவும் செய்யவில்லை என்று அவர் தரப்பில் இருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு முறையிட்டார்கள். நீதிமன்றம் துருக்கி அரசிடம் விளக்கம் கேட்டது. அதன் பிறகே அவனுடைய புகைப்படமும் கைரேகையும் காவல் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. நஹிதே இருக்கும் பக்கம் வந்தால் கைது செய்ய வேண்டும் என்று உத்தரவு போனது. அவர் தாயோடு முதல் புகாரை எடுத்துக்கொண்டு போன நாளில் இருந்து அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.